உள்ளாட்சிக்கு அதிகாரம்: கடலூர், புதுச்சேரி விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற பேருந்து முள்ளோடையைத் தாண்டும்போது பெரும்பாலோர் கவனிப்பது பெட்ரோல் விலையையும் மதுக்கடைப் பலகைகளையும்தான். வெளியே தெரியாத இன்னொரு வித்தியாசமும் அந்த எல்லையில் இருக்கிறது. தெற்கே, கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் 2019 டிசம்பரில் ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்தன. வடக்கே, புதுச்சேரியின் உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்றான பாகூர் கொம்யூனில் அந்த மாதிரித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல். அந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு இப்போது ஓட்டுரிமையே வந்துவிட்டது. விவரம் தெரிந்து ஒரு வார்டு உறுப்பினரை அது பார்த்ததில்லை.

உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு சுதந்திரம் வேண்டும், அதை யார் தர வேண்டும் என்ற பேச்சு பட்டிமன்றத்திலும் குரூப் 1 கட்டுரைத் தாளிலும் கிராம சபைப் பந்தலிலும் அடிபடுகிறது. பேசுவது நல்லதுதான். ஆனால் சில தவறான எண்ணங்கள் சுற்றிச் சுற்றி வந்து பேச்சைத் திசை மாற்றிவிடுகின்றன. அடிக்கடி காதில் விழுகிறவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சிலவற்றை விரிவாகப் பேச வேண்டும், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

கூட்டாட்சி என்றால் உள்ளாட்சி தானாக வலுவாக இருக்கும் என்று நம்புவது

இந்தியா கூட்டாட்சி நாடு, அதனால் டெல்லியிலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து நம்ம ஊருக்கும் அதிகாரம் படிப்படியாக இறங்கி வரும் என்பது பலருடைய எண்ணம். அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. பெரும்பாலான நாடுகளில் கூட்டாட்சி என்பது இரண்டு பேருக்கு இடையிலான ஏற்பாடு. மூன்றாமவரை அந்த இருவரில் ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். நம் அரசமைப்பில் உள்ளாட்சி, மாநிலப் பட்டியலில் 5-வதாக இருக்கிறது. ஊராட்சியை உண்டாக்குவது, பிரிப்பது, நகராட்சியோடு சேர்ப்பது எல்லாம் சட்டமன்றம் போடுகிற சட்டப்படிதான். பக்கத்து ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் மக்கள் மறியல் செய்கிறார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்ற பயம் அது. ஊர் தன் கருத்தைச் சொல்லலாம், ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். முடிவு சென்னையில்.

கனடாவில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2018-இல் டொரண்டோ மாநகராட்சித் தேர்தலுக்குப் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒண்டாரியோ மாகாண அரசு வார்டுகளை 47-லிருந்து 25 ஆகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-இல் ஐந்து நீதிபதிகள் மாகாணத்தின் பக்கமும் நான்கு பேர் எதிர்ப்பக்கமும் நின்று மாகாணமே ஜெயித்தது. கனடாவும் கூட்டாட்சிதான். ஜெர்மனியிலோ உள்ளூர் விவகாரங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் நேரடியாகத் தருகிறது. பிரேசிலின் 1988 அரசமைப்பு நகராட்சிகளைக் கூட்டாட்சியின் உறுப்பினர்களாகவே எழுதிவைத்திருக்கிறது. ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழே இத்தனை விதம்.

பிரான்ஸ் இதற்கெல்லாம் மறுபக்கம். அது ஒற்றையாட்சி நாடு, ஆனால் அங்கே ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். புதுச்சேரியில் கொம்யூன் பஞ்சாயத்து என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. 1880-இல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி இங்கே கொம்யூன்கள் அமைந்தன. காலனி ஏற்பாடுதான், அதைக் கொண்டாட ஒன்றும் இல்லை. ஆனால் ஒற்றையாட்சி நாடு விட்டுச்சென்ற கொம்யூன் கூட்டாட்சி நாட்டில் உறுப்பினர்களே இல்லாமல் கிடக்கிறது என்றால், கூட்டாட்சி என்ற பெயரை மட்டும் நம்பி வாதம் செய்ய முடியாது.

29 அதிகாரமும் கொடுத்தாயிற்று என்று சொல்வது

தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் இது அதிகம். ஊராட்சிகளுக்கான 73-வது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-லும் நகராட்சிகளுக்கான 74-வது திருத்தம் அதே வருடம் ஜூன் 1-லும் நடைமுறைக்கு வந்தன. 11-வது அட்டவணையில் 29 துறைகள், 12-வது அட்டவணையில் 18. இந்த எண்களை மனப்பாடம் செய்தவர்கள், அத்தனையும் ஊராட்சி கையிலும் நகராட்சி கையிலும் இருப்பதாகவே எழுதுகிறார்கள்.

அந்தத் திருத்தங்களில் கட்டாயமானவை இருக்கின்றன: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் இட ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், கிராம சபை. 29 துறைகளின் கதை வேறு. அவற்றில் எதை, எவ்வளவு ஊராட்சிக்குத் தருவது என்பதை 243-ஜி பிரிவு சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. மீன்வளம் பட்டியலில் இருக்கிறது. சாமியார்பேட்டை மீனவர் ஒருவர் வலைக்கோ படகுக்கோ மானியம் வேண்டுமென்றால் ஊராட்சி அலுவலகத்துக்கா போகிறார்? மீன்வளத் துறைக்குத்தான் போகிறார். தொடக்கக் கல்வி பட்டியலில் இருக்கிறது. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் கல்வித் துறை. ரேஷனும் அப்படியே.

ஆகவே அட்டவணையை ஒப்பிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்வி கேட்டால் நிலவரம் புரியும். வேலை யார் பொறுப்பில்? பணம் யார் கணக்கில்? ஆளை மாற்றும் அதிகாரம் யாரிடம்? குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டுவது குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்குள் இருக்கிற மேல்நிலைத் தொட்டி, குழாய், மோட்டார், தண்ணீர் திறந்துவிடுகிற ஆபரேட்டர் எல்லாம் ஊராட்சி. மோட்டார் காயில் எரிந்தால் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அது நியாயம். வாரியத்தின் குழாயிலேயே தண்ணீர் வரவில்லை என்றாலும் அதே கதவைத்தான் தட்டுவார்கள். பொறுப்பு கதவுக்கு வந்துவிட்டது, அதிகாரம் வரவில்லை.

நகரத்திலும் இதே கேள்விகள்தான். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆணையர் மாநில அரசு அனுப்புகிறவர். மேயருக்கும் ஆணையருக்கும் ஒத்துப்போகாவிட்டால் யார் மாற்றப்படுவார், யார் உத்தரவில் என்று கேட்டுப் பாருங்கள், விவாதம் சட்டென்று தரைக்கு வந்துவிடும்.

புதுச்சேரியைத் தமிழ்நாட்டு மாவட்டம் போலவோ முழு மாநிலம் போலவோ பேசுவது

இந்தத் தவறை வெளியூர்க்காரர்கள் மட்டும் செய்வதில்லை, உள்ளூரிலும் செய்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு வரலாற்று விவரம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில்தான் புதுச்சேரி இந்தியாவோடு சேர்வது முடிவானது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர், ஆதரவு 170, எதிர்ப்பு 8. யார் அந்த 178 பேர்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் கவுன்சிலர்களும். எந்த நாட்டோடு சேர்வது என்று தீர்மானிக்கவே உள்ளாட்சிப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் 1968-க்குப் பிறகு நகராட்சித் தேர்தல் நடக்க 38 வருடம் ஆனது. 2006-இல் நடந்து, அந்த உறுப்பினர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்தச் சொன்னது. 2021-இல் தேதிகூட அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் அதுவும் நின்றுபோனது. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அவற்றின் கீழ் உள்ள கிராமப் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில் இருந்துவருகின்றன.

ஏன் இப்படி என்று கேட்டால், டெல்லியைத் திட்டுகிறவர் ஒரு பதிலும் உள்ளூர் அரசியல்வாதிகளைத் திட்டுகிறவர் இன்னொரு பதிலும் வைத்திருக்கிறார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். 1963-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டப்படி அதற்கு ஒரு சட்டமன்றம், ஒரு அமைச்சரவை. அவர்களுக்கு மேலே துணைநிலை ஆளுநர். 243-எல் பிரிவு ஊராட்சிகள் பற்றிய பகுதியை ஒன்றியப் பிரதேசங்களுக்கும் பொருத்துகிறது. ஆனால் ஆளுநர் என்று வருகிற இடத்தில் நிர்வாகி, அதாவது துணைநிலை ஆளுநர், என்று படிக்க வேண்டும். இந்தச் சின்ன மாற்றத்தால் தேர்தல் ஆணையரை யார் நியமிப்பது என்பதே ராஜ் நிவாஸுக்கும் (துணைநிலை ஆளுநர் மாளிகை) அமைச்சரவைக்கும் நடுவே இழுபறி ஆகிப் பல மாதங்களைத் தின்றது. அது டெல்லிக் கணக்கில் போக வேண்டியது. மற்ற வருடங்களில், தொகுதிக்குள் இன்னொரு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் வளர்வதை விரும்பாத எம்.எல்.ஏ.க்களின் மௌனம் உள்ளூர்க் கணக்கில் போக வேண்டியது. முப்பதே தொகுதி, ஒவ்வொன்றும் தமிழ்நாட்டுத் தொகுதிகளைவிட மிகச் சின்னது. தெருவிளக்கு எரியாவிட்டால் எம்.எல்.ஏ.வுக்கே போன் போடுகிற ஊர். கவுன்சிலர் வந்துவிட்டால் அந்த போன் அவருக்குப் போகும். எம்.எல்.ஏ.க்கள் இதை அறியாதவர்கள் இல்லை.

பணத்திலும் புதுச்சேரியின் கணக்கு தனி. வரிப் பணத்தைப் பகிர்ந்துதரப் பரிந்துரைக்கிற மத்திய நிதிக் குழு மாநிலங்களுக்கானது, ஒன்றியப் பிரதேசம் அதன் வரம்புக்குள் வராது. கடலூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு நிதிக் குழு மானியம் என்று ஒரு தலைப்பு இருக்கிறது. பாகூருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதனால் புதுச்சேரியில் தேர்தல் நடத்தாவிட்டால் நிதி நிற்கும் என்ற அழுத்தம் தமிழ்நாட்டில் இருக்கிற மாதிரி வேலை செய்வதில்லை. கடலூர்ப் பக்கத்து உதாரணத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். முழு மாநிலத் தகுதி கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்பதும் அவசர முடிவு. முழு மாநிலமான தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தனி அலுவலர் இருக்கிறாரே, வேலை நடக்கிறதே என்று விட்டுவிடுவது

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆறு மாதம், ஆறு மாதம் என்று நீட்டி, ஊரகத் தேர்தல் நடக்க 2019 டிசம்பர் ஆனது. கடலூர் நகரத்துக்கு 2022 பிப்ரவரி. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு நகரம் கவுன்சிலே இல்லாமல் இருந்தது. 2019-இல் வந்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் வரவில்லை, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அலுவலர் திறமைசாலியாக இருக்கலாம். சில ஊர்களில் தலைவர் காலத்தைவிடக் கணக்கு ஒழுங்காக இருந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறப்பு, தென்பெண்ணையில் வெள்ளம். ஆற்றங்கரைக் கிராமங்களில் அந்த நேரத்தில் ஊராட்சித் தலைவர் பதவியில் இருந்தார். எந்தத் தெருவில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், எந்த வீட்டில் மாடு கட்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், தெரியாவிட்டால் அடுத்த தேர்தலில் தெரிந்துகொள்வார். ஐந்து வாரம் கழித்து அதே ஊர்களில் பதவியில் யாரும் இல்லை. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் தலைவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார் என்றால், அவர் எத்தனை தெருக்களை அறிவார்?

பணமும் நிற்கும். மத்திய நிதிக் குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளுக்குத்தான். தேர்தல் தள்ளிப்போனால் மானியமும் தள்ளிப்போகும் என்பதை 2016-க்குப் பிந்தைய வருடங்களிலேயே தமிழ்நாடு பட்டுத் தெரிந்துகொண்டது.

நைஜீரியாவில் இதே வழக்கம் இருக்கிறது. அங்கே 774 உள்ளாட்சிகள். மாநில ஆளுநர்கள் தேர்தலைத் தள்ளிப்போட்டுத் தங்கள் ஆட்களைக் கொண்ட பொறுப்புக் குழுக்களை உட்காரவைப்பதும், உள்ளாட்சிப் பணத்தை மாநிலக் கூட்டுக் கணக்கிலேயே வைத்துக்கொள்வதும் பல வருடமாக நடந்தது. 2024 ஜூலை 11-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளுக்கு நேரடியாகவே பணத்தைக் கொடுக்க வேண்டும், பொறுப்புக் குழுக்களை வைத்து ஓட்டுவது அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பு சொன்னது. இந்தத் தீர்ப்பை இங்கே மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த வழக்கைப் போட்டது மத்திய அரசு. உள்ளாட்சிக்கு ஆதரவாகப் பேசுகிற மேல் தட்டு, நடுத்தட்டை ஒதுக்கிவிட்டுப் போகவும் பார்க்கலாம். நமக்கும் அது புதிதல்ல.

மாநில சுயாட்சியையும் உள்ளாட்சி சுயாட்சியையும் மோதவிடுவது

1989-இல் ராஜீவ் காந்தி அரசு ஊராட்சிகளுக்காகக் கொண்டுவந்த 64-வது அரசமைப்புத் திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. மாநிலங்களைத் தாண்டி டெல்லி நேரே கிராமத்துக்குப் போகப் பார்க்கிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அது வெறும் சாக்கு என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு 1969-இல் ராஜமன்னார் குழுவை அமைத்த மாநிலம், 1974-இல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட மாநிலம், 2025-இல் மத்திய மாநில உறவை ஆராய மறுபடியும் ஒரு குழுவை அமைத்த மாநிலம். அந்தப் பயத்துக்கு இங்கே காரணம் இருக்கிறது.

ஆனால் இதை வைத்து இரண்டு விதமாக ஏமாற்றலாம். டெல்லிக்காரர், ‘நீங்கள் ஊராட்சிக்குக் கொடுத்தீர்களா, எங்களிடம் கேட்க வந்துவிட்டீர்கள்’ என்று மாநில உரிமைக் கோரிக்கையையே தள்ளிவிடுவார். சென்னைக்காரர், ‘முதலில் டெல்லியிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம், அப்புறம் உங்களுக்கு’ என்பார். அந்த அப்புறம் முப்பது வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு கோரிக்கையும் தனித்தனியாக நியாயமானவை, ஒன்று நிறைவேறும் வரை இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை. கேரளம் 1996-இல் டெல்லியோடு சண்டை முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க மாநில அரசே முடிவெடுத்தது.

பணம் வந்தால் சுதந்திரம் வந்துவிட்டது என்று எண்ணுவது

15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40-ஐச் சம்பளம் தவிர ஊரின் தேவைக்குச் செலவு செய்யலாம். கையில் காசைக் கொடுத்து, வாங்க வேண்டிய சாமான் சீட்டையும் சட்டைப் பையில் வைத்து அனுப்புவது மாதிரி. சீட்டு தப்பென்று சொல்லவில்லை, குடிநீரை யார் வேண்டாமென்பார்கள்? காசைக் கையில் வைத்திருப்பவர்தான் முடிவெடுத்தார் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

சொத்து வரியில் இது நன்றாகத் தெரிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் கடலூர் மாநகராட்சி உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரலில், தமிழ்நாடு அரசு நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்துவதாக அறிவித்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். ஏன் என்று கேட்டதற்கு, வரியைச் சீரமைக்காவிட்டால் 15-வது நிதிக் குழு மானியம் கிடைக்காது என்று பதில் வந்தது. மாமன்றங்கள் தீர்மானம் போட்டன. மஞ்சக்குப்பத்தில் வரி கட்டுகிறவர் கவுன்சிலரைத் திட்டினார். நிபந்தனை போட்டது டெல்லிக் குழு, விகிதம் சொன்னது சென்னை அரசாணை, கையெழுத்தும் வசவும் கடலூருக்கு. அதற்காக உள்ளாட்சி அமைப்புகளைப் பாவம் என்று விட்டுவிடவும் கூடாது. பல வருடம் வரியைத் தொடாமலே காலத்தை ஓட்டியதால்தான் ஒரே அடியாக ஏற்ற வேண்டி வந்தது. தன் ஊரில் தானே வரி கேட்கத் தயங்குகிற அமைப்பு, அடுத்தவர் நிபந்தனையைத்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

மாநில நிதி ஆணையம் என்று ஒன்று இருப்பதையே இந்த விவாதத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாநில வருவாயில் உள்ளாட்சிக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதை அமைக்க வேண்டும். அது செய்த பரிந்துரைகளையும், அரசு எதை ஏற்றது, எதை விட்டது என்ற விளக்கத்தையும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். கடலூரில் பேருந்து நிலையம் எங்கே வர வேண்டும் என்று பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்கு இதைப் பற்றி நடந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

ஊர் கையில் கொடுத்தால் நல்லதே நடக்கும் என்று கண்ணை மூடிக்கொள்வது

சிதம்பரம் பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சி. 2020-இல் அங்கே நடந்த ஒரு கூட்டத்தின் புகைப்படம் அந்த அக்டோபரில் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில், ஊராட்சித் தலைவர் தரையில். அவர் பட்டியல் சமூகத்துப் பெண், ஒதுக்கீட்டில் ஜெயித்தவர். ஓட்டு அவருக்கு, நாற்காலி இன்னொருவருக்கு. மாவட்ட நிர்வாகம் தலையிட்டது, வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

இந்த இடத்தில் சுயாட்சி ஆதரவாளர்கள் தடுமாறுகிறார்கள். அன்றைக்கு அவருக்குத் துணை வந்தது மேலே இருந்த கலெக்டரும் ஒன்றிய அரசின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்தான். கிராமங்களை அடிப்படை அலகாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கடுமையாக மறுத்ததற்கு இதுவே காரணம். கிராமத்தில் யார் ஆதிக்கம் செய்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். 2019 தேர்தலின்போது பண்ருட்டி அருகே ஓர் ஊராட்சியில் தலைவர் பதவி 50 லட்ச ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. அதுவும் ஊர் கூடி எடுத்த முடிவு என்றுதான் சொன்னார்கள். சோழர் காலத்துக் குடவோலைத் தேர்தலை மேற்கோள் காட்டிப் பெருமைப்படுகிறவர்களும் ஒருமுறை அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டில் நிற்கத் தகுதி யாருக்கு என்று படித்துவிடுவது நல்லது. நிலமும் வேதக் கல்வியும் கேட்கிறது.

அதற்காகக் கலெக்டரிடமே எல்லாம் இருக்கட்டும் என்றாலும் மாட்டிக்கொள்வோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவில் தலைவரைப் பதவி நீக்கம் செய்ய மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. விளக்கம் கேட்க வேண்டும், தாசில்தார் ஊராட்சி உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், அப்புறம் ஆட்சியர் முடிவு. ஊழல் தலைவரை இறக்க உதவுகிற அதே பிரிவு, உறுப்பினர்கள் சாதியாகத் திரண்டு நிற்கிற ஊரில் ஒதுக்கீட்டுத் தலைவரை இறக்கவும் வழி விடும். சாதிப் பாகுபாட்டிலும் தணிக்கையிலும் மேலிருந்து தலையீடு வேண்டும், அன்றாட வேலையில் வேண்டாம் என்பது என் கருத்து. வேறு மாதிரிக் கோடு போடுகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்று சொல்லாமல் சுயாட்சி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை.

கிராம சபைத் தீர்மானத்தை ஒன்று பிரம்மாஸ்திரமாக, இல்லை வெற்றுக் காகிதமாக நினைப்பது

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து இந்த மாவட்டத்தில் பல கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். தீர்மானத்தால் என்ன ஆனது என்று அன்று கேட்டவர்களில் பலரும் ஒடிசாவின் நியம்கிரியைச் சொன்னார்கள். அங்கே 2013-இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. ஆனால் அங்கே வன உரிமைச் சட்டம் இருந்தது, பழங்குடியினர் இருந்தனர், கிராம சபையே முடிவு செய்யட்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. தமிழ்நாட்டில் அரசமைப்பின் 5-வது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதியே கிடையாது. வளையமாதேவியில் நிலம் பட்டா விவசாய நிலம், சுரங்கம் ஒன்றிய அரசு நிறுவனத்துடையது. அந்தத் தீர்மானம் அரசியல் அழுத்தம், வழக்கில் ஓர் ஆவணம். தடை உத்தரவாக அது வேலை செய்யாது.

அதற்காகக் காகிதம் என்று தூக்கிப்போடவும் வேண்டாம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பு உண்டு. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300. இது நிறையாமல் போட்ட தீர்மானத்தை எவர் வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். பல ஊரில் நடப்பது என்னவென்றால், கையெழுத்துக் குறிப்பேடு மறுநாள் வீடு வீடாகப் போகும்.

தீர்மானம் எழுதுகிற விதமும் முக்கியம். ‘அரசு ஆவன செய்ய வேண்டும்’ என்று முடிகிற தீர்மானங்களுக்குக் கணக்கே இல்லை, அவை எந்த மேஜையிலும் யாரையும் கட்டாது. ஊராட்சி தானே செய்யக்கூடியதை முதலில் எழுதுங்கள்: எந்தத் தெரு, எந்த வேலை, எந்த நிதித் தலைப்பு, எப்போதுக்குள். மேலே போக வேண்டியதைத் தனித் தீர்மானமாக, எந்தத் துறை, எந்த அதிகாரி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் இரண்டும் போய்விடும். முன் கூட்டத்துத் தீர்மானங்கள் என்ன ஆயின என்பதைக் கூட்டத்தின் முதல் பொருளாகப் படிக்கச் சொல்லுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நடத்துகிற கூட்டத்திலும் இதைக் கேட்கலாம். தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடும் அதே ஒன்றிய அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம்தான் தொடங்கும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.